நான் கொடுத்த பேட்டரி

மூன்று வருடங்களுக்கு முன்பு, டாலஸுக்கு வடக்கே இருக்கும் ஆலனில் நடந்தது இது. டெக்சாஸ் வெயில் உச்சத்தில் இருந்த ஆகஸ்ட் மாதம். அப்போது எனக்கு நாற்பத்து நான்கு வயது. இதை ஓரிரு பேரிடம் சொல்லியிருக்கிறேன். சொன்னபோதெல்லாம் எனக்குச் சாதகமாகக் கொஞ்சம் வளைத்துத்தான் சொல்லியிருக்கிறேன். இங்கே வளைக்காமல் சொல்லப் பார்க்கிறேன்.

இந்த வயதில் நான் எப்படித் துப்பாக்கி பிடித்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். என் மகள் தன் பதினான்காவது பிறந்தநாளுக்கு ஏர்சாஃப்ட் விளையாடப் போக வேண்டும் என்றாள். ஏர்சாஃப்ட் துப்பாக்கி பார்க்க நிஜத் துப்பாக்கி போலவே இருக்கும். ஆனால் பேட்டரியில் ஓடும், பட்டாணி அளவு பிளாஸ்டிக் குண்டுகளைச் சுடும். முகத்துக்குக் கவசம் மாட்டிக்கொண்டு இரண்டு கட்சியாகப் பிரிந்து மரங்களுக்கு நடுவே ஓடி ஒளிந்து விளையாட வேண்டும். குண்டு பட்டால் கையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட வேண்டும், அவ்வளவுதான். பிள்ளைகளோடு பெரியவர் ஒருவர் வர வேண்டும் என்றதால் நானும் போனேன். மகளுக்கு இரண்டே வாரத்தில் அலுத்துவிட்டது. எனக்கு அலுக்கவில்லை. வாரம் முழுக்க சாஃப்ட்வேர் டெஸ்டிங், மீட்டிங், மகளை டென்னிஸுக்கும் பரதநாட்டியத்துக்கும் டிரைவ் பண்ணுவது என்று போகிற வாழ்க்கையில், சனிக்கிழமை காலை அந்தக் காட்டுக்குள் மூச்சு வாங்க ஓடியபோது கிடைத்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. என்னைப் போல் பத்துப் பன்னிரண்டு இந்தியர்கள் சேர்ந்து ஒரு டீம் ஆனோம். அதற்கு ஒரு வாட்ஸ்அப் குரூப்பும் ஆனது.

அந்த டீமுக்குள் அவளைக் கூட்டி வந்ததும் நான்தான். எங்கள் வீட்டுக்குப் பக்கத்து அபார்ட்மென்ட்டில் புதிதாகக் குடிவந்தவள். ஈரோடு பக்கம். வயது இருபத்தொன்பது. ஊரில் பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சராக இருந்திருக்கிறாள். கணவருக்கு இங்கே வேலை. இவளுக்கு வேலை பார்க்க அனுமதி இல்லாத விசா. கார் ஓட்டத் தெரியாது. இந்த வெயிலில் கார் இல்லாமல் ஆலனில் எங்கே போக முடியும்? காலை எட்டு மணிக்குக் கணவர் போனால் மாலை வரை அந்த இரண்டாவது மாடி வீட்டுக்குள்ளேயேதான். கோயிலில் முதல்முறை பார்த்தபோது, "பகல்ல என்ன பண்ணுவே?" என்று கேட்டேன். "ஜன்னல்கிட்ட நிப்பனுங்கக்கா" என்றாள், சிரித்துக்கொண்டே.

அடுத்த சனிக்கிழமை என் காரில் ஏற்றிக்கொண்டேன். வாடகைத் துப்பாக்கியோடு அவள் ஓடிய ஓட்டத்தை எங்கள் டீமில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கோ-கோ ஆடியவளாம். மரத்துக்கு மரம் தாவினாள். முதல் நாளே எதிர்க்கட்சியில் நான்கு பேரை வெளியேற்றினாள். திரும்பி வரும்போது காரில் வாய் ஓயாமல் பேசினாள். அவள் கணவர் அன்று மாலையே எனக்கு போன் பண்ணி, "இங்க வந்ததுக்கு அப்புறம் இப்பதான் இவ சிரிச்சுப் பார்க்கறேன். ரொம்ப தேங்க்ஸ்க்கா" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. ஒருவருக்கு நல்லது செய்கிறோம் என்ற பெருமை.

இன்னொரு பெருமையும் எனக்கு உண்டு. டீமில் பேட்டரி நிபுணி நான்தான்.

ஆரம்பத்தில் நானும் ஏமாந்தவள்தான். ஆன்லைனில் மலிவாக இருக்கிறதே என்று, பெயரே கேள்விப்படாத ஏதோ கம்பெனியின் பேட்டரிகள் மூன்றை ஒரே பாக்கெட்டாக வாங்கினேன். கூடவே ஒரு சின்ன சார்ஜரும் வந்தது. சாக்லேட் பார் அளவில் மெல்லிசாக இருந்த பேட்டரியின் லேபிளில் மட்டும் பெரிய பெரிய எண்கள். ஒன்று இரண்டே மாதத்தில் செத்துப்போனது. இன்னொன்று விளையாட்டுக்கு நடுவில் நின்று நின்று ஓடியது. அதன் பிறகுதான் உட்கார்ந்து படித்தேன், அனுபவப்பட்டவர்களைக் கேட்டேன், நல்ல கடையில் நல்ல பேட்டரி இரண்டு வாங்கினேன். படித்ததையெல்லாம் குரூப்பில் நீளமாக எழுதியும் போட்டேன். துப்பாக்கியோடு வந்த புத்தகத்தில் எத்தனை வோல்ட் என்று போட்டிருக்கிறதோ அதற்கு மேல் போகாதீர்கள், வேகமாகச் சுடும் என்று ஆசைப்பட்டால் உள்ளே பல்சக்கரம் உடையும். வாங்குவதற்கு முன் துப்பாக்கியில் பேட்டரி வைக்கிற இடத்தை ஸ்கேல் வைத்து அளந்துவிடுங்கள், திணித்து மூடினால் ஒயர் நசுங்கும். சின்ன உடம்புக்குப் பெரிய எண் போட்டிருந்தால் அது பொய். உள்ளே இருக்கும் ஒவ்வொரு செல்லையும் சமமாக ஏற்றுகிற சார்ஜராகப் பாருங்கள். தீப்பிடிக்காத பையில் வைத்து சார்ஜ் பண்ணுங்கள், பக்கத்திலேயே இருங்கள். கடைசியாக, பேட்டரி கொஞ்சம் உப்பியிருந்தாலும் அதைத் தொடாதீர்கள், சார்ஜ் பண்ணாதீர்கள், ரீசைக்ளிங் சென்டரில் கொடுத்துவிடுங்கள். இந்தக் கடைசி வரியைத் தடித்த எழுத்தில் போட்டிருந்தேன். எல்லாரும் கைதட்டும் படங்களை அனுப்பினார்கள்.

அப்படி எழுதியவளின் கராஜில், அந்த மலிவு பாக்கெட்டின் மூன்றாவது பேட்டரி கிடந்தது. வெயிலில் வைத்த பால் பாக்கெட் போல அதன் நடுப்பகுதி லேசாக உப்பியிருந்தது. ரீசைக்ளிங் சென்டருக்குப் போக வேண்டும், போக வேண்டும் என்று நாலு மாதமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன்.

அவளுக்கு ஒரு பழைய துப்பாக்கி கிடைத்தது. டீமிலிருந்து ஒருவர் புதிது வாங்கியதால் தன் பழையதைக் கொடுத்துவிட்டார். பேட்டரி இல்லை. அந்தச் சனிக்கிழமை ஒரு பெரிய ஆட்டம், முழு நாள். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் என் வீட்டுக்கு நடந்தே வந்தாள். முகமெல்லாம் வியர்வை.

"எந்த பேட்டரி வாங்கறதுங்கக்கா? லிங்க் அனுப்புனீங்கன்னா அவர்கிட்டச் சொல்லி ஆர்டர் பண்ணிருவேன். சனிக்கிழமைக்குள்ள வந்துருமா?"

வந்திருக்கும். அன்றே ஆர்டர் பண்ணியிருந்தால் வியாழக்கிழமை வந்திருக்கும். ஆனால் அப்போது எனக்கு ஆபீஸ் மீட்டிங் ஒன்று ஆரம்பிக்க ஐந்து நிமிடம்தான் இருந்தது. அவள் துப்பாக்கிக்கு எது பொருந்தும் என்று பார்த்து, அளந்து, தேடி லிங்க் அனுப்ப சோம்பேறித்தனம். என்னுடைய நல்ல பேட்டரி ஒன்றைக் கொடுத்திருக்கலாம். அதுவும் தோன்றியது, மறைக்கவில்லை. ஆனால் முழு நாள் ஆட்டம், மதியத்துக்கு மேல் எனக்கு இரண்டாவது வேண்டுமே என்று நினைத்தேன்.

"எதுக்கு வாங்கறே? எங்கிட்ட ஒண்ணு சும்மாதான் இருக்கு" என்று சொல்லிவிட்டு கராஜுக்குப் போனேன். அந்த உப்பிய பேட்டரியைக் கையில் எடுத்தேன். கட்டைவிரலால் அமுக்கினேன். மெத்தென்று உள்ளே போனது. ரொம்ப இல்லை, கொஞ்சம்தான், ஒரு நாளைக்குத்தானே, அடுத்த வாரம் நல்லது வாங்கிக்கொள்ளட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டது இன்றும் ஞாபகம் இருக்கிறது. அந்தச் சின்ன சார்ஜரையும் சேர்த்து ஒரு ஜிப்லாக் பையில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தேன்.

அவள் பையைப் பிரித்துப் பார்த்தாள். பேட்டரியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினாள். விரலால் ஒருமுறை தடவினாள்.

"இது ஓகேதானுங்கக்கா?"

"ஓகேதான். கொஞ்சம் பழசு, ஆனா நல்லா ஓடும்."

"சரிங்கக்கா" என்று பையை மூடிக்கொண்டு போய்விட்டாள். நான் லேப்டாப்பைத் திறந்து மீட்டிங்கில் சேர்ந்தேன்.

வெள்ளிக்கிழமை மதியம் ஆபீஸில் இருந்தேன். அவள் போன். எடுத்தால் அவள் குரல் இல்லை, பக்கத்து வீட்டு வெள்ளைக்காரப் பெண்மணி. உன் தோழி வீட்டில் தீ, உன்னைக் கூப்பிடச் சொல்கிறாள் என்றார். கணவர் அன்று ஹூஸ்டனில் வேலையாக இருந்தார். நான் ஃப்ரீவேயில் எப்படி வந்தேன் என்று எனக்குத் தெரியாது. வழியெல்லாம் ஒன்றை மட்டும்தான் வேண்டிக்கொண்டு வந்தேன். அவள் உயிருக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்று வேண்டியிருந்தால் பரவாயில்லை. அது அடுப்பாக இருக்க வேண்டும், அந்த பேட்டரியாக இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டு வந்தேன்.

அபார்ட்மென்ட் வாசலில் இரண்டு தீயணைப்பு வண்டிகள். அவள் நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். நைட்டிக்கு மேல் யாரோ ஒரு டவல் போர்த்தியிருந்தார்கள். ஆம்புலன்ஸ்காரர் ஒருவர் அவளுடைய வலது கைக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "ஒண்ணுமில்லீங்கக்கா, ஒண்ணுமில்லீங்கக்கா" என்றாள். பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டிருந்தது, அந்த வெயிலில்.

நடந்தது இதுதான். மறுநாள் ஆட்டத்துக்காக பேட்டரியை சமையலறை மேடையில் சார்ஜ் போட்டிருக்கிறாள். பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாள். இருபது நிமிடத்தில் சீறும் சத்தம், வெள்ளைப் புகை, அப்புறம் குபீரென்று தீ. மேலே இருந்த பேப்பர் டவலில் பிடித்து மரக் கப்போர்டுக்குப் போயிருக்கிறது. பேட்டரியை அவள் ஒரு எவர்சில்வர் பாத்திரத்துக்குள் வைத்திருந்தாள். தீ பெரிதாவதற்குள் ஒயரைப் பிடுங்கிவிட்டு, அந்தப் பாத்திரத்தை வெறும் கையால் தூக்கிக்கொண்டு ஓடிப் பால்கனி சிமென்ட் தரையில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தியிருக்கிறாள். அதற்குள் உள்ளங்கைத் தோல் பாத்திரத்தோடு ஒட்டிவிட்டது.

தீயணைப்பு அதிகாரி ஒருவர் கருகிப்போன அந்தப் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் அருகே வந்தார். பாத்திரத்தில் வைத்ததால்தான் இந்த அளவோடு போனது என்றார். பிறகு, இந்த பேட்டரி எங்கே வாங்கியது, ஏற்கெனவே பழுதாகியிருந்ததா என்று கேட்டார்.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். ஒரு விநாடி இருக்கும். நான் வாயைத் திறக்கவில்லை. பிறகு அவரிடம் திரும்பி, "இட்ஸ் மைன். ஐ சார்ஜ்ட் இட் ராங். மை மிஸ்டேக்" என்றாள்.

அவர் எழுதிக்கொண்டார். நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பார்த்தவர்கள் எனக்கு எவ்வளவு நல்ல மனது என்று நினைத்திருப்பார்கள்.

ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூடப் போனேன். அவள் கணவர் ஹூஸ்டனிலிருந்து வந்து சேரும் வரை உட்கார்ந்திருந்தேன். சமையலறையைச் சரிபண்ணும் வரை எங்கள் வீட்டு மேல் அறையில் ஆறு வாரம் தங்கவைத்தேன். தினமும் சாதம் பிசைந்து ஸ்பூன் போட்டுக் கொடுத்தேன், தலை வாரிப் பின்னிவிட்டேன். அவள் கணவர், "நீங்க இல்லன்னா நாங்க என்ன பண்ணியிருப்போம்க்கா" என்று கண் கலங்கியபோதும் நான் சொல்லவில்லை. இப்போது சொன்னால் இவர்கள் எங்கே போவார்கள், கை ஆறட்டும், பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன். கை ஆறியது. மோதிர விரலும் சுண்டு விரலும் முழுதாக மடங்கவில்லை, தோல் இழுத்துப் பிடித்துக்கொண்டது. அப்போது சொன்னால் இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்று விட்டுவிட்டேன். தள்ளிப்போடுகிறவளுக்கு ஒவ்வொரு நாளும் ஒரு காரணம் கிடைத்தது.

கராஜைச் சுத்தம் செய்துகொண்டிருந்த என் கணவர் ஒருநாள் கேட்டார்: "இங்க உப்பிப்போன பேட்டரி ஒண்ணு இருந்துச்சே, எங்க?"

"ரீசைக்ளிங்ல போட்டுட்டேன்" என்றேன். அவர் என்னையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார்.

குரூப்பில் விஷயம் தெரிந்ததும், யாரோ என் பழைய பேட்டரிக் குறிப்பைத் தேடி எடுத்து, எல்லாரும் இதை மறுபடி படியுங்கள் என்று போட்டார்கள். தீபாவளிக்கு எங்கள் டீம் குடும்பங்கள் ஆளுக்கொரு பதார்த்தம் சமைத்து எடுத்துக்கொண்டு ஒரு வீட்டில் பாட்லக் வைத்தோம். அங்கே டீம்காரர் ஒருவர், மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளாமல்தான், அவளிடம் சொன்னார்: "அக்கா எவ்ளோ கிளியரா எழுதியிருந்தாங்க. அத ஒரு தடவ படிச்சிருந்தா இது நடந்தே இருக்காதும்மா."

கையில் தட்டோடு நான் பக்கத்தில்தான் நின்றேன். அவள் இடது கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"ஆமாங்ண்ணா" என்றாள். "அடுத்த தடவ ஒழுங்கா படிச்சுக்கறேன்."

நான் இனிப்பு எடுப்பதுபோல உள்ளே போய்விட்டேன்.

அதற்குப் பிறகு அவள் விளையாட வரவில்லை. கணவர் வேண்டாம் என்றுவிட்டார். கோபத்தில் இல்லை, பயந்துபோயிருந்தார். அவளும் பிடிவாதம் பிடிக்கவில்லை. நான் மட்டும் சனிக்கிழமைகளில் போய் வந்துகொண்டிருந்தேன். அவள் அபார்ட்மென்ட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். ஜன்னல் பக்கம் திரும்பாமல் ஓட்டப் பழகிக்கொண்டேன்.

ஏப்ரல் மாதம் அவள் கணவருக்கு நியூ ஜெர்சியில் வேலை மாறியது. வெஸ்ட் வின்ட்சரில் வீடு பார்த்துவிட்டார்கள். கிளம்புவதற்கு முந்தைய நாள் காலை பேக்கிங்குக்கு உதவப் போனேன். கணவர் வண்டி எடுத்து வரப் போயிருந்தார். நாங்கள் இரண்டு பேர்தான். சமையலறைப் பாத்திரங்களை நான் செய்தித்தாளில் சுற்றிக் கொடுக்க, அவள் அட்டைப்பெட்டியில் அடுக்கினாள். புதிதாக மாற்றியிருந்த கப்போர்டின் வெள்ளை நிறம், பழைய கப்போர்டுகளோடு ஒட்டாமல் தனியாகத் தெரிந்தது. இன்று சொல்லாவிட்டால் இனி எப்போதும் சொல்ல மாட்டேன் என்று எனக்குத் தெரிந்தது.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றேன். "நான் குடுத்த அந்த பேட்டரி... அது ஏற்கெனவே உப்பிப்போயிருந்துச்சு. தெரிஞ்சுதான் குடுத்தேன்."

அவள் பெட்டியின் வாயை மூடி டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. நீளமாக ஒரு டேப் ஒட்டி முடித்தாள். பிறகு, "தெரியுங்கக்கா" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"நீங்க குரூப்புல எழுதுனத நான் டீம்ல சேர்ந்த அன்னிக்கே ஒருத்தர் எனக்கு அனுப்புனாரு, படிச்சுட்டேன். உங்க வீட்ல அதக் கையில வாங்குனப்பவே உப்பலாத் தெரிஞ்சுது. அதான் பாத்திரத்துல வெச்சேன், பக்கத்துலயே உக்காந்திருந்தேன்."

"தெரிஞ்சும் ஏன் சார்ஜ் பண்ணே?"

"ஓகேதான்னு நீங்க சொன்னீங்களே" என்றாள்.

அதில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. மணி என்ன என்று கேட்டால் சொல்வதுபோலச் சொன்னாள். நான் கையில் இருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அழுதேன். அவள் வந்து என்னைக் கட்டிக்கொள்ளவில்லை. தண்ணீர் மட்டும் கொண்டுவந்து கொடுத்தாள்.

"அப்ப ஏன் யார்கிட்டயும் சொல்லல?" என்று கேட்டேன்.

"அவருக்குத் தெரிஞ்சா உங்க வீட்டுக்கே போகக் கூடாதுன்னு சொல்லிருவாரு. எனக்கு இந்த ஊர்ல வேற யாரு இருந்தாங்க?" சுற்றி வைத்திருந்த பாத்திரம் ஒன்றை எடுத்து அடுத்த பெட்டியில் வைத்தாள். பிறகு மெதுவாக, "அதுவுமில்லாம, நீங்களே சொல்லுவீங்கன்னு பார்த்தேன்" என்றாள்.

கீழே வண்டி வந்த சத்தம் கேட்டது. அவள் எழுந்து கண்ணாடி டம்ளர்களை எடுக்கப் போனாள். சாயங்காலம் வரை நாங்கள் பெட்டிகளைப் பற்றி மட்டும்தான் பேசினோம்.

அவர்கள் போன மறுநாள் குரூப்பில் எழுதினேன். தீப்பிடித்தது நான் கொடுத்த பேட்டரி, அது பழுது என்று எனக்கு முன்பே தெரியும், அவள் மேல் எந்தத் தப்பும் இல்லை என்று. நாலு வரிதான். திட்டுவார்கள் என்று போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் திட்டவில்லை. இரண்டு பேர் இதயம் போட்டார்கள். பாட்லக்கில் அவளிடம் அப்படிச் சொன்னவர், "ஒத்துக்கறதுக்கு பெரிய மனசு வேணும்க்கா" என்று எழுதினார். உண்மையைச் சொல்லியும் எனக்கு நல்ல பெயர்தான் கிடைத்தது. அன்று ராஜினாமா செய்வதுபோல டீமிலிருந்து விலகினேன். அதனால் யாருக்கு என்ன லாபம் என்று இப்போது தோன்றுகிறது.

அவளுக்கு வேலை அனுமதி வந்துவிட்டதாம். பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சொல்லித்தரும் இடத்தில் சேர்ந்திருக்கிறாள். இது அவளே சொல்லி எனக்குத் தெரிந்ததல்ல, வேறு ஒருவர் மூலம் கேள்விப்பட்டது. பொங்கலுக்கு வாழ்த்து அனுப்புகிறாள். நானும் அனுப்புகிறேன். போன வருடம் ஆபீஸ் வேலையாக நியூ ஜெர்சி போனபோது வீட்டுக்கு வரட்டுமா என்று கேட்டேன். "வாங்கக்கா, கண்டிப்பா வாங்க" என்றாள். போனேன். காபி கொடுத்தாள், நன்றாகப் பேசினாள், பிஸ்கட் தட்டை என் பக்கம் நகர்த்தும்போது அந்த இரண்டு விரல்களும் மடங்காமல் நின்றன. ஏதாவது கேட்பாள் என்று கிளம்பும்வரை காத்திருந்தேன். அவளுக்குக் கேட்பதற்கு ஒன்றும் இல்லை.

தெரிந்தே ஒரு பழுதான பொருளைக் கொடுத்த அந்த ஐந்து நிமிடத்தைக்கூட ஒருவேளை நான் மன்னித்துக்கொள்வேன். ஆனால் அதற்குப் பிறகு எட்டு மாதம், நடைபாதையில், என் வீட்டு மேல் அறையில், தீபாவளிக் கூட்டத்தில், நானாகச் சொல்லட்டும் என்று அவள் எனக்கு மறுபடி மறுபடி வாய்ப்புக் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறாள் என்பதை நினைக்கும்போதுதான், இன்றும் எனக்குத் தலை நிமிர மறுக்கிறது.